குறியில்லாத சட்டை

வந்தவாசிக் கோட்டைப் பக்கம் பீரங்கிச் சத்தம் ஓய்ந்த பதினோராம் நாள், உச்சி வெயில் நேரத்தில், உள்ளே ஆளில்லாத ஒரு சிவப்புச் சட்டை ஏரிக்கரை மேல் நடந்துவந்து, பாலேரிப்பட்டின் ஒரே தெருவுக்குள் திரும்பி, எட்டு வீடுகளைத் தாண்டி, மணியக்காரர் அப்பாவுவின் வாசலில் நின்றது. கழுத்துப்பட்டிக்கு மேலே ஒன்றுமில்லை, கீழ் விளிம்புக்கு அடியிலும் ஒன்றுமில்லை. ஆனால் நெஞ்சும் தோளும் முதுகும் ஓர் ஆளுக்கு இருக்கவேண்டிய அளவுக்கு நிரம்பியிருந்தன, மண்ணில் விழுந்த நிழலுக்குத் தலையும் தலைப்பாகையும் இரண்டு கால்களும் இருந்தன.

மணியக்காரர் மனைவி தையலம்மை வாசலில் நெல்லைக் காயவைத்துத் துழாவிக்கொண்டிருந்தாள். சட்டையின் நிழல் நெல்லின் மேல் விழுந்ததைப் பார்த்து நிமிர்ந்தாள்.

“யாருன்னு கேளுங்க” என்றாள் புருஷனிடம்.

“வாய் இருந்தால்ல சொல்றதுக்கு?”

“அப்ப கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பாருங்க. வெளுக்கப் போன துணியா இருந்தா குறி இருக்கும்.”

அப்பாவு ஒரு விரலால் கழுத்துப்பட்டியைத் திருப்பினார். உள்பக்கம் சேங்கொட்டைப் பாலால் இட்ட கறுப்புக் குறி இருந்தது: ஒரு கோடு, அதன் மேல் இரண்டு புள்ளி. அது அப்பாவுவின் வீட்டுக் குறி. அவருடைய வேட்டியிலும், தையலம்மையின் புடவை ஓரத்திலும், பிள்ளைகளின் கோவணத்திலும் அதே குறிதான் இருந்தது. “வண்ணாத்தியைக் கூப்பிடுங்கடா” என்று அவர் கத்தினார். ஆள் போய்த் திரும்புவதற்குள் செக்கு ஓட்டும் பெரியதம்பி வீட்டு வாசலில் இரண்டு நீலச் சட்டைகளும், குயவர் வீட்டில் ஒரு சிவப்பும், கணக்கர் வீட்டில் ஒரு சிவப்பும் ஒரு நீலமும் வந்து நின்றுவிட்டன.

பச்சையாள் தலையில் அழுக்கு மூட்டையோடு வந்தாள். தெருமுனையிலேயே நின்று, வாசல் வாசலாகப் பார்த்து, மூட்டையை மெதுவாக இறக்கிக் கீழே வைத்தாள். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே அவளுக்கு விளங்கிவிட்டது.

போன கார்த்திகையில் இங்கிலீஷ்காரனின் படை ஏரிக்கு அந்தப்புறம் இருபது நாள் கூடாரம் போட்டிருந்தது. சிப்பாய்களின் சிவப்புச் சட்டைகளை வெளுக்கச் சொல்லி மூட்டை மூட்டையாக அவள் துறையில் கொண்டுவந்து கொட்டினார்கள். அத்தனையும் ஒரே நிறம், ஒரே தையல். எந்தச் சட்டை எந்தக் கூடாரத்துக்குப் போகவேண்டும் என்று தெரியவேண்டுமானால் குறி போட்டாகவேண்டும். பச்சையாளுக்கு எழுத்துத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது முப்பத்தொரு குறிகள், அவள் மாமியார் போட்ட குறிகள், அந்த மாமியாருக்கு மாமியார் போட்ட குறிகள், பாலேரிப்பட்டின் முப்பத்தொரு வீடுகள். ஆகவே முதல் கூடாரத்துக்கு மணியக்காரர் வீட்டுக் குறி, இரண்டாவதுக்குக் கணக்கர் வீட்டுக் குறி, மூன்றாவதுக்குச் செக்கார் வீட்டுக் குறி என்று வரிசையாகப் போட்டாள். மார்கழியில் சிவப்புப் படை புறப்பட்டுப் போய், அதே இடத்தில் பிரெஞ்சுக்காரனின் நீலப் படை வந்து இறங்கியபோது, அந்தச் சட்டைகளுக்கும் அதே குறிகளையே போட்டாள். ஒருவனை ஒருவன் கொல்லப் போகிறவர்களின் துணிகள் ஒரே கொடியில் காயப்போவதில்லை, அதனால் மாறிப்போகாது என்று அவள் நினைத்தாள். அது சரியான நினைப்புத்தான். செத்தவர்களின் சட்டைகள் குறியைப் பார்த்து வீட்டுக்குத் திரும்பும் என்பதை மட்டும் அவள் நினைக்கவில்லை.

“என்னடி பண்ணி வச்சிருக்கே?” என்றார் அப்பாவு.

“எனக்குத் தெரிஞ்சது ஊர்க் குறிதான் சாமி. வேற குறிக்கு நான் எங்க போவேன்?”

“அழிச்சிடு.”

“சேங்கொட்டை சாமி. துணி மக்கினாலும் குறி மக்காது.”

மூன்று நாளில் ஐம்பத்துமூன்று சட்டைகள் வந்து சேர்ந்தன. எல்லாம் நடுப்பகலில் வந்தன, எல்லாம் வந்தபடியே மண்ணும் வெடிமருந்துப் புகையும் காய்ந்த இரத்தமுமாக இருந்தன, எல்லாம் வாசலின் இருபுறமும் முதுகைச் சுவரில் சாய்க்காமல் நின்றன. முதல் நாள் ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. இரண்டாம் நாள் பால் கறக்கவேண்டியிருந்ததால் திறந்தது. மூன்றாம் நாள் கோயில் பூசாரி, வேப்பிலையோடு வந்து ஒவ்வொரு சட்டையையும் அதட்டிப் பார்த்து, இது பேயும் இல்லை பிசாசும் இல்லை, விலாசம் தப்பி வந்த ஆட்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஊர் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. வந்தவர்களுக்கு ஒரு பிடி சோறு வைத்தார்கள். சோறு தொடாமலே காய்ந்தது. காய்ந்ததைக் கோழிக்குப் போட்டார்கள். நிழலில் தலை விழும் இடத்தை மிதிக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். தையலம்மைகூட, வாசல் பெருக்கும்போது, “கொஞ்சம் தள்ளி நில்லுப்பா” என்று சொல்லப் பழகினாள். சட்டையும் தள்ளி நின்றது.

பங்குனியில் அறுப்பு முடிந்து நெல் களத்தில் கிடந்தபோது, எந்தப் படையிலும் சேராமல் எல்லாப் படைக்கும் பின்னால் வருகிற குதிரைக் கொள்ளைக்காரர்கள் அறுபது பேர் ஏரிக்கரைவரை வந்தார்கள். வந்தவர்கள் தெருவைப் பார்த்துக் குதிரையை இழுத்துப்பிடித்தார்கள். தலையில்லாத சட்டைகள் அவர்களை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை, தலையில்லாதவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருந்தார்கள். ஆனால் சிவப்பும் நீலமும் ஒரே வாசலில் தோளோடு தோள் நிற்பதை அவர்கள் எங்கேயும் பார்த்ததில்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து சட்டைகளுக்கு ஊரில் மதிப்பு வந்தது. எங்கள் வீட்டில் ஐந்து என்று பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னார்கள். ஒரு சட்டையும் வராத ஐந்து வீடுகளில் ஒன்றான கொல்லர் வீட்டுக்காரி துறைக்கே வந்து சண்டை பிடித்தாள்.

“ஏண்டி, எங்க குறி உன் கண்ணுக்குத் தெரியலியா? மாசாமாசம் துணி போடலியா நாங்க?”

“போட்டேம்மா, ரெண்டு கூடாரத்துக்குப் போட்டேன். அவங்க சாகலை போல. நான் இன்னா பண்ணட்டும்?”

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. குயவர் வீட்டுக் கூரை ஒழுகி, வாசலில் நின்ற சிவப்புச் சட்டை தொப்பலாக நனைந்தது. நனைந்ததும் தோள் தொங்கியது, நெஞ்சு அமுங்கியது, கொஞ்ச நேரத்தில் வெறும் துணியாக மண்ணில் கிடந்தது. காயவைத்துப் பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. அதன்பின் மேகம் கறுத்தால் ஊர் முதலில் சட்டைகளைத்தான் உள்ளே அழைத்தது, பிறகுதான் ஆடுகளை.

இத்தனையிலும் பச்சையாளுக்கு இருந்த கேள்வி ஒன்றுதான். அவள் புருஷன் சடையன் மூன்று வருஷத்துக்கு முன்பு படைக்கு ஆள் சேர்க்க வந்த ஒரு தமுக்குச் சத்தத்தின் பின்னால் போனவன். கார்த்திகையில் சிவப்புப் படையோடு வந்து, துறைக் கல்லில் உட்கார்ந்து, அவள் கையால் கூழ் குடித்தான். அடுத்த மாசம் நீலப் படையோடு வந்து அதே கல்லில் உட்கார்ந்தான்.

“இன்னாய்யா இது, போன மாசம் சிவப்பு, இந்த மாசம் நீலமா?”

“அங்க அரிசி புழு வச்சுப்போச்சு. இங்க நல்லாருக்கு.”

“சிவப்பை இன்னா பண்ணினே?”

“உள்ளே போட்டிருக்கேன். எதுக்கும் இருக்கட்டும்.”

அவள் சிரித்தாள். இரண்டு சட்டைகளையும் வாங்கித் தோய்த்துக் காயவைத்துக் கொடுத்தாள். அவன் போட்டுக்கொண்டு போனான். அதோடு சரி.

“உன் ஆளு செத்திருந்தா சட்டை வந்திருக்கும்டி” என்றாள் தையலம்மை. “வரலை. அதனால நல்லாத்தான் இருக்கான். நீ பாட்டுக்குக் குங்குமம் வை.”

பச்சையாள் தலையை ஆட்டினாள். நாலு எட்டு நடந்தபிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. வண்ணார் வீட்டுத் துணிக்குக் குறி கிடையாது. ஊர்த் துணியெல்லாம் குறியோடு கிடக்கும்போது எதில் குறி இல்லையோ அது அவர்களுடையது; அப்படித்தான் என்றைக்கும். சடையனின் சட்டைகளுக்கு அவள் குறி போடவில்லை. அவன் செத்திருந்தாலும் அந்தச் சட்டைக்குப் போக வீடு தெரியாது. வராததால் அவன் இருக்கிறான் என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது. அன்றிலிருந்து அவள் காலையில் குங்குமம் வைக்கும்போது கை ஒரு நொடி நெற்றிக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் போயிற்று.

வைகாசியில் தையலம்மையே சொல்லி அனுப்பினாள். ஒரு நீலச் சட்டை ஆறேழு நாளாக உச்சிவேளையில் ஊருக்குள் வருகிறது, ஒவ்வொரு வாசலிலும் நிற்கிறது, அங்கே நிற்கும் சட்டைகள் நெருங்கி நின்று வழியை அடைத்துக்கொள்கின்றன, சட்டை இல்லாத வாசலிலும் அது தங்குவதில்லை, அடுத்த வாசலுக்குப் போகிறது, முப்பத்தொரு வாசலும் முடிந்ததும் ஏரிக்கரை ஏறிப் போய்விடுகிறது, கழுத்தில் குறியே இல்லை.

பச்சையாள் மறுநாள் ஏரிக்கரையில் போய் நின்றாள். அது வந்தது. அவள் நகரவில்லை, சட்டை அவளுக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் நின்றது. மற்றவர்கள் முகத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்வார்கள். அவள் முப்பத்தொரு வீட்டாரையும் அழுக்கை வைத்துத் தெரிந்தவள். யார் வெற்றிலை போடுகிறார், யார் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறார், யாருக்கு வேர்வை உப்புப் பூக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் துணி சொன்ன சங்கதிகள். இந்தச் சட்டையின் இடப்பக்க விளிம்பில் எண்ணெயும் குழம்பும் சேர்ந்து கறுத்த ஒரு கைத்தடம் இருந்தது. உலகத்தில் எல்லாரும் வலக்கையால் தின்று வலப்பக்கம் துடைக்கும்போது, பந்தியில் எத்தனை பேர் ஏசினாலும் பீச்சாங்கையால் தின்று இடப்பக்கம் துடைக்கிறவன் ஒருத்தன்தான் இருந்தான். அவள் பொத்தானை அவிழ்த்து உள்ளே பார்த்தாள். உள்ளே சிவப்புச் சட்டை இருந்தது. முதுகில் ஒரு ஓட்டை, நீலத்தையும் சிவப்பையும் சேர்த்தே துளைத்துப் போயிருந்தது. எந்தப் பக்கத்துக் குண்டு என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அவள் இடக்கையைப் பிடித்தாள். சட்டை அவள் பின்னாலேயே வந்தது.

இருபத்திரண்டு நாள் அது அவள் குடிசையில் இருந்தது. பெரும்பாலும் சுவரைப் பார்த்து நின்றது. கூழ் ஊற்றி வைத்தால் இடக்கை பாதிவரை எழுந்து, அங்கேயே நின்று, இறங்கும். அவள் துறையிலிருந்து வந்ததும் அன்றைய சங்கதிகளைச் சொன்னாள்: கணக்கர் வீட்டில் யாரோ இரகசியமாகக் கள் குடிக்கிறார்கள், துணியில் வாசம் வருகிறது, செக்கார் மருமகள் மூன்று மாசமாகத் தீட்டுத் துணி போடவில்லை. பதில் இல்லை. உயிரோடு இருந்த காலத்திலும் அவன் பாதிக்குத்தான் பதில் சொல்வான். குடிசையில் மருந்துப்புகை நாற்றமும் அவன் வேர்வை நாற்றமும் இருந்தன. அவள் அழுதாள், பிறகு அழவில்லை, குங்குமம் வைப்பதையும் நிறுத்தவில்லை. எத்தனையோ அழுக்கு மூட்டைகள் அந்தக் குடிசைக்கு வந்து வெளுத்துப் போயின, அந்த ஒரு சட்டையை மட்டும் அவள் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகவில்லை. அழுக்குப் போனால் ஆளும் போய்விடுவான்.

மணியக்காரர் ஒருநாள் குடிசைக்கு வெளியே வந்து நின்றார். “சும்மா நிக்குதே, எங்க குறியைப் போட்டு அனுப்பு. என் வாசல்ல நிக்கட்டும்.”

“இது எங்க வூட்டுத் துணி சாமி.”

“உங்க வூட்டுக்கு ஏதுடி குறி?”

“அதான் சாமி சொல்றேன்.”

ஆனி மாசம் நடுவில் படையிலிருந்து ஓர் அவல்தார் தமுக்குக்காரன் ஒருவனோடு வந்து சேர்ந்தான். அவன் போட்டிருந்த சட்டை என்ன நிறம் என்று பின்னாளில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். படைக்காக ஒவ்வொரு ஊரும் இருபது ஜோடி மாடும் முப்பது ஆளும் தரவேண்டும் என்றான். கையில் இருந்த ஓலையைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் வாசல்களைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு தமுக்குக்காரனுக்குக் கை காட்டினான்.

தமுக்கு முழங்கியது. ஐம்பத்திரண்டு சட்டைகளும் ஒரேசமயத்தில் தெருப் பக்கம் திரும்பின. வாசல்களை விட்டு இறங்கின. சிவப்பு எது நீலம் எது என்ற பேதம் இல்லாமல் தெருவில் இரண்டு வரிசையாக நின்றன, ஒரு கழுத்துப்பட்டிகூட வரிசையை விட்டு முன்னால் வரவில்லை. நாய்கள் ஏரிக்கு அந்தப்புறம் ஓடின.

“சோறு கேக்காது, காயம் படாது, ஊருக்குப் போகணும்னு அழாது” என்றான் அவல்தார். “இதைக் குடுத்துடுங்க. மாடும் வேணாம், ஆளும் வேணாம்.”

அப்பாவு ஊரைத் திரும்பிப் பார்த்தார். மாடு போனால் ஆடியில் உழவு இல்லை. ஊர் தரையைப் பார்த்தபடி தலையாட்டியது.

“யாரோட சண்டைக்குப் போவுது?” என்று தையலம்மை கேட்டாள்.

“போனப்புறம் தெரியும் அம்மா. நாளைக்கு உச்சிக்குப் புறப்பாடு.”

துறைப் பக்கக் குடிசையில், தமுக்கின் முதல் அடியிலேயே, சடையனின் சட்டை சுவரை விட்டுத் திரும்பியிருந்தது. பச்சையாள் கையைப் பிடித்தாள். இருபத்திரண்டு நாளில் முதல்முறையாக அது கையை உதறியது. போய் வரிசையின் கடைசியில் நின்றது, மற்ற சட்டைகள் இந்தமுறை இடம் விட்டன. தமுக்கு நின்றதும் திரும்பி வந்து பழையபடி சுவரைப் பார்த்து நின்றது. அவள் வாசலில் உட்கார்ந்து அதன் முதுகு ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை தமுக்குக்குப் பின்னால் போனவன், இரண்டு நிறத்திலும் போனவன், செத்தும் போகிறான். இதற்கு முடிவு யார் போடுவது?

மறுநாள் வெயில் ஏறியபின் அவள் அதை இடக்கையைப் பிடித்துத் துறைக்கு அழைத்துப் போனாள். அது கல்லில் உட்கார்ந்தது, அவன் உட்காரும் இடத்திலேயே. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுக்கு எடுக்கும் உவர்மண்ணைக் கரைத்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தாள். சொல்லவேண்டியதையெல்லாம் இருபத்திரண்டு நாளில் சொல்லியிருந்தாள், மிச்சம் ஒன்றுமில்லை.

ஊருக்குள் தமுக்கு எழுந்தது. கல்லில் இருந்த சட்டையும் எழுந்தது. அவள் இரண்டு கைகளாலும் இடுப்பில் கட்டிப் பிடித்தாள். கரை மேல் வரிசை வரத் தொடங்கியது, சிவப்பும் நீலமுமாக, காலடி ஓசை இல்லாமல், புழுதி மட்டும் கிளம்பியது. வரிசைக்குப் பக்கத்தில் ஓடிவந்த அப்பாவு துறையைப் பார்த்து நின்றார்.

“ஏ பச்சை! ஐம்பத்துமூணுன்னு சொல்லியிருக்கேன்டி! விடுடி அதை! என் மாட்டுக்கு நீ பதில் சொல்லுவியா?”

அவர் பின்னாலிருந்து தையலம்மை கரையை விட்டு இறங்கி வந்தாள். அவள் கையில், முதல் நாள் அவள் வாசலுக்கு வந்த சிவப்புச் சட்டையின் கை இருந்தது. சட்டை வரிசைப் பக்கமே திரும்பித் திமிறிக்கொண்டிருந்தது, அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அதைத் தரதரவென்று இழுத்துவந்தாள். மூச்சு வாங்கியது.

“அஞ்சு மாசம் என் வாசல்ல நின்னுச்சுடி. அழுக்கோட எப்படி அனுப்புவேன்? முதல்ல இதை முக்கு, சீக்கிரம்.”

பரம்பரை பரம்பரையாக அந்தத் துறையில் ஊர்த் துணி முடிந்தபிறகுதான் வண்ணார் துணி தண்ணீரைப் பார்க்கும். பச்சையாள் நிமிரவில்லை.

“பிடிச்சுக்கிட்டே இருங்கம்மா” என்றாள். “உங்க வூட்டுது அப்புறம். இன்னைக்கு எங்க வூட்டுத் துணி.”

தையலம்மை பிடியை இறுக்கிக்கொண்டு நின்றாள். கரை மேல் அப்பாவு இன்னும் கத்திக்கொண்டிருந்தார், தமுக்கு போய்க்கொண்டே இருந்தது. பச்சையாள் சட்டையைக் கட்டியணைத்தபடியே தண்ணீருக்குள் இறங்கினாள், முழங்கால், இடுப்பு, மார்பு. அது திமிறியது, அதன் இடக்கை அவள் தோளைப் பற்றியது, அவள் அதோடு சேர்ந்து முங்கினாள். முதல்முறை எழுந்தபோது அவள் கையில் ஓர் ஆளின் கனம் இருந்தது. இரண்டாம்முறை தூங்குகிற பிள்ளையின் கனம். மூன்றாம்முறை தூக்கியபோது, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சட்டைகள், நனைந்த துணிக்கு எவ்வளவு கனம் உண்டோ அவ்வளவுதான்.